கடன் கொடுத்த மிஸ்

பத்தாம் தேதி தோட்டத்தில் சம்பளம். அதற்கு அடுத்து வரும் திங்கட்கிழமை நுண்கடன் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். கீழ்ப் பாலத்தடியில் சத்தம் கேட்டதும் மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். கதவு சாத்த நேரமில்லாதவர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கமாக இறங்கித் தேயிலைக்குள் குந்திக்கொள்வார்கள். சமூகப்பணியாளராக வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. 2019 ஆகஸ்டில் ஒரு நாள், பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறி வருவதைக் கண்டு ஒரு அக்கா அதே பீலிப் பக்கமாக இறங்கித் தேயிலைக்குள் மறைந்தார். அவருக்கு நான் ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்திருந்தேன்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா பெக்டரியில் வேலை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். பிறகு தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி டிப்ளோமா படித்தேன். இலங்கையில் இந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொடுக்க 1952 இல் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது அது. தொழில் ஒழுக்கம் பற்றி அங்கே ஒரு பாடம் இருந்தது. சேவை பெற வருபவருக்குக் கடன் கொடுக்காதே, பரிசு வாங்காதே, உறவைக் கலக்காதே, ரகசியம் காப்பாற்று. பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளி. ஆனால் படிக்கும்போதே உள்ளுக்குள் ஒரு ஏளனம் இருந்தது. இதெல்லாம் கொழும்பில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரி, எங்கள் சனத்திடம் இப்படி நடந்துகொண்டால் யார் வாய் திறப்பார்கள்? அந்த ஏளனத்தில் பாதி சரிதான். எந்தப் பாதி என்று தெரிய எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது.

இனி வரும் ஆட்களின் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, சில தேதிகள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் போதும், ஹட்டனில் பொகவந்தலாவ பஸ் ஏறுகிற யாரும் நோர்வூட் போய்ச் சேர்வதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த அக்காவின் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். அடி விழுந்த மறுநாள் அக்காவால் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய வேலைநாள் கணக்கில் சேராது. பேர் குறைந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் அதற்கும் ஒரு அடி. நான் அவரைப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடத்தில், சந்தித்துப் பேசத் தொடங்கி, மூன்றாவது தடவைதான் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், நீங்களே கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸும் கேட்கலாம், கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லும் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன் மிஸ்” என்றார்.

யோசிக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும். நான் என் சொந்த நம்பரை அவர் மகளின் கொப்பியில் எழுதிக் கொடுத்து, “எந்த நேரம்னாலும் கோல் எடுங்கக்கா” என்றேன்.

எடுத்தார். இரவு பதினொன்றுக்கு, ஒரு மணிக்கு. முதலில் அடிக்காக. பிறகு கணவர் இன்னும் வீடு வரவில்லை என்பதற்காக, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்காக. அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் அழுவதற்காக. நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்குவேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. “அந்த அம்மா ஒங்ககிட்ட மட்டுந்தான் பேசுது” என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

ஒரு இரவு என் அம்மாவுக்குச் சுகமில்லை. போனை சத்தமில்லாமல் வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஏழு தவறிய அழைப்புகள். அக்கா பிள்ளைகளோடு விடியும்வரை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இரண்டில் ஒன்றையாவது அந்தக் கொப்பியில் நான் எழுதியிருக்கவில்லை. என் நம்பர் போதும் என்று நினைத்திருந்தேன். அன்றைய கூதலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரியாகிவிடும்.

அந்தக் குற்ற உணர்வு ஆறுவதற்குள் கடன் திங்கள் வந்தது. அக்கா கேட்கக்கூட இல்லை. “இந்த வாரம் கட்டாட்டி குரூப்புல மத்தவங்க என்னைய கிழிச்சிருவாங்க மிஸ்” என்று கண்ணைத் துடைத்தார், அவ்வளவுதான். குழுவாக எடுத்த கடன், ஒருவர் தவறினால் மற்றவர்கள் தலையில் விழும். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் எழுநூறு ரூபாயாக இருந்த வருடம் அது. பையிலிருந்து ஐயாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். “ஆறுதலா தாங்க” என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய ஊரில் இன்னொரு கடன்காரி ஆனேன்.

அதற்குப் பிறகு கோல் வரவில்லை. பிள்ளைக் காம்பராவுக்கு வருவதும் நின்றது. பாதுகாப்புக் கட்டளைப் பேச்சு அப்படியே படுத்துவிட்டது. அடி மட்டும் நிற்கவில்லை என்று பிள்ளைக் காம்பரா ஆயா சொன்னார். கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அதையும் யாரிடம் சொல்லி அனுப்புவது? சொன்னால் அடுத்த நிமிடம் லயம் முழுக்கத் தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேஸ்களைப் பேசுவார். அதுவரை அந்த ஒரு மணித்தியாலத்தை நான் கணக்குக் காட்டும் நேரமாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அந்த அஞ்சாயிரம் யாரு மனசு ஆறுறதுக்குக் குடுத்தீங்க?”

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். 1957 இல் பீஸ்டெக் என்ற பாதிரியார் சமூகப்பணிக்கு வகுத்துச் சொன்ன ஏழு கோட்பாடுகளில் ஒன்று, கட்டுப்பாடான உணர்வு ஈடுபாடு. உணர்வே இல்லாமல் மரக்கட்டையாக இரு என்பது அதன் பொருளல்ல. உதவி தேடி வந்தவரின் வேதனை உனக்குத் தெரியவேண்டும், ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை உன் வேதனை முடிவு செய்யக்கூடாது. பரீட்சைக்கு இதை மூன்று தடவை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்தவள் நான்.

சேர் இரண்டு காரியம் செய்தார். கேஸை என்னிடமிருந்து எடுத்து இன்னொரு மிஸ்ஸிடம் கொடுத்தார். கடன் கொடுத்தவள் கேஸையும் வைத்திருக்க முடியாது என்பது அவர் பேச்சு. எனக்கு அது தண்டனை மாதிரிதான் பட்டது, இரண்டு நாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவது, அந்தத் திங்கட்கிழமை என் பையைத் திறக்காமல் வேறு என்னென்ன செய்திருக்கலாம் என்று எழுதிவரச் சொன்னார். எழுதினேன். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். கடன் பத்திரத்தைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். அக்காவையும் குழுவில் இருந்த மற்றப் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்துத் தவணையைப் பேசியிருக்கலாம். எல்லாமே மெதுவாக நடக்கிற காரியங்கள். பணம் எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில்தான் நான் வழுக்கினேன்.

அதற்குப் பிறகு என் வேலையில் மாறிய முதல் விஷயம் முதல் சந்திப்பு. முன்பெல்லாம் முதல் நாளில் உறவு கொண்டாடுவேன், எந்தத் தோட்டம், யார் மகள் என்று. இப்போதும் அது உண்டு, அது இல்லாமல் இங்கே பேச்சே தொடங்காது. ஆனால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிடுவேன். “அக்கா, நான் காலைல எட்டரைல இருந்து சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ் போன்ல பேசுவேன். ராவைக்கு அந்தப் போன் நிப்பாட்டியிருக்கும். ராவைக்கு ஏதாச்சும்னா இந்த நம்பருக்கு எடுக்கணும்.” பிறகு 119, 1938, சிறுவருக்கு 1929, அம்புலன்ஸுக்கு 1990 நாலையும் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். கணவர் கண்ணில் படும் இடம் என்றால் பிள்ளையின் கொப்பி அட்டைக்குள். “காசு என்னால குடுக்க ஏலாது, குடுத்தா என் வேலை போயிரும். காசுக்கு வேற வழி இருந்தா தேடிப் பார்ப்போம்.” இதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

முதல் நாளில் இதைக் கேட்டு யாரும் கோபித்ததில்லை. “சரிங்க மிஸ்” என்பார்கள், பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுவார்கள், பேச்சு அடுத்ததுக்குப் போய்விடும். இதே வார்த்தையை ஒருவர் கண்ணீரோடு எதிரே நிற்கும்போது சொல்லிப் பாருங்கள், முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: எல்லையைத் தேவை வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ராத்திரியில் போனை நிறுத்துவதற்கு முதல் ஒரு மாதம் கை கூசியது. 2018 இல் டப்ளினில் உலகச் சமூகப்பணியாளர் அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோட்பாடுகளில், பணியாளர் தன்னைப் பேணிக்கொள்வதும் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். என் அம்மாவுக்கு டப்ளின் எல்லாம் தேவைப்படவில்லை. “இப்பத்தான் நீ வீட்டுல இருக்க” என்றார்.

அந்த ஏளனத்தின் சரியான பாதிக்கு வருகிறேன். பரிசு வாங்காதே என்ற பாடம் சாயத் தண்ணிக்கு, பால் ஊற்றாத தேத்தண்ணிக்கு, செல்லாது. லயத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உங்கள் வீட்டுக் கோப்பையில் நான் குடிக்கமாட்டேன் என்பது. நாம் பேச விரும்பாத சாதி அங்கே உடனே வந்து நடுவில் உட்காரும். யார் வீட்டில் குடித்தாள், யார் வீட்டில் வயிறு சரியில்லை என்றாள் என்று முழு லயமும் கணக்கு வைத்திருக்கும். அதனால் நான் எல்லா வீட்டிலும் குடிப்பேன். சில நாட்களில் ஏழு கோப்பை. சீனியைக் கையில் நக்கிக்கொண்டு குடிக்கிற வீட்டில் அப்படியே குடிப்பேன். தேங்காய் ரொட்டி ஒன்று வைத்தால் பாதியைப் பிய்த்துச் சாப்பிடுவேன்.

ஆனால் திரும்பும்போது ஒரு பை லீக்ஸையும் கரட்டையும் கையில் திணிப்பார்கள். கேஸ் முடிந்த வீட்டில் கோழி அடித்து வைத்துக் கூப்பிடுவார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வீட்டுக்கு வருகிற யாருக்கும் கொடுப்பதை வாங்கிக்கொள்வேன், எனக்கென்று தனியாகக் கொடுப்பதை வாங்கமாட்டேன். தேத்தண்ணி தபால்காரருக்கும் கிடைக்கும். கோழி எனக்காக அடித்தது. மறுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “ஆபீஸ்ல கணக்கு எழுதணும் அக்கா, பெரிய கரைச்சல்” என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். கொழும்புக் காரியாலயத்தைத் திட்டுவது எங்கள் இரு தரப்புக்கும் பொதுவான சந்தோஷம்.

ரகசியம் காப்பதும் புத்தகத்தில் இருந்த மாதிரி வராது. ரகசியம் பேசுவதற்கு ஒரு அறை இருக்கும் என்று புத்தகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்துக் காம்பராவில் தேங்காய் துருவும் சத்தம் திடீரென்று நின்றால், அங்கே காது தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அலுவலக வாகனம் பெயர்ப்பலகையோடு ஒரு லயத்துக்கு முன்னால் நின்றால் மத்தியானத்துக்குள் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம்வரை செய்தி போய்விடும். அதனால் வண்டியை மேல் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். ஒரே வீட்டுக்குப் போகாமல் நாலு வீட்டில் நின்று பேசுவேன். முக்கியமான பேச்சை கிளினிக் நாளில், தாய்மார் எல்லோரும் வரும் இடத்தில், எடை போடும் வரிசை முடிந்த பிறகு வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடப்பது. நடந்துகொண்டு பேசும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதால் சொல்ல முடியாததும் வெளியே வரும்.

நான் ரகசியத்தை உடைத்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடைத்தது எனக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொரு பெண்ணுக்குத் துணையாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழிதான். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர் இல்லை. “மிஸ்ஸுக்குச் சிங்களம் தெரியும்தானே, சொல்லுங்க” என்றார்கள். சொன்னேன். அந்தப் பெண் நாலு வாக்கியம் சொன்னால் நான் எட்டு வாக்கியம் சொன்னேன். முன் சந்திப்புகளில் அவர் எனக்குச் சொல்லியிருந்ததை எல்லாம் சேர்த்து, கேஸ் வலுவாக இருக்கட்டும் என்று அடுக்கினேன். அவர் அந்த இடத்தில் சொல்ல நினைக்காத ஒன்றும் அதில் போய்விட்டது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அவர் கையெழுத்து வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மொழிபெயர்ப்பவர் வேறு, துணைக்குப் போகிறவர் வேறு. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பேசுகிறவரின் வாய் மெல்ல மெல்லத் துணைக்குப் போனவருடையதாகிவிடும். இப்போது தமிழில் எழுதிக்கொள்ளுங்கள் என்று முதலில் கேட்பேன். முடியாது என்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கும் நாளைக் கேட்டு அன்றைக்குத் திரும்பப் போவோம். ஆபத்து அவசரமாக இருந்து நானே மொழிபெயர்க்க நேர்ந்தால், அவர் சொன்னதற்கு ஒரு சொல் கூட்டமாட்டேன். கையெழுத்துக்கு முன்னால் எழுதியதை வரி வரியாகத் தமிழில் திரும்பச் சொல்வேன். அலுப்பான வேலை. பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

பிள்ளைகளின் விஷயத்தில் ஒரு வார்த்தை. 2022, அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போன வருடம். பதினாலு வயதுப் பிள்ளை ஒன்று, “யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்” என்று தொடங்கியது. “சொல்ல மாட்டேன்மா” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்போகிறார்களாம். பதினாறு வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயம், வேலைக்கு வைப்பதும் குற்றம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். பயணம் நின்றது. பிள்ளை என்னோடு பேசுவதும் நின்றது. தகப்பன் செய்யப்போனது பிழை என்பதைவிட, நான் பொய் சொன்னேன் என்பதுதான் அதற்குப் பெரிதாக இருந்தது. இப்போது எந்தப் பிள்ளை அப்படித் தொடங்கினாலும் குறுக்கிட்டுச் சொல்வேன்: “ஒனக்கு ஆபத்துன்னா நான் இன்னொருத்தருக்குச் சொல்லித்தான் ஆகணும். ஆனா யாருக்குச் சொல்லப் போறேன்னு முதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்.” இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடுத்த கிழமை திரும்பி வருகிறார்கள், பெரும்பாலும்.

அதே வருடம் உலர் உணவுப் பொதி கொடுக்கும்போது படம் எடுக்கச் சொன்ன எல்லோரோடும் எனக்குச் சண்டை. பொதியை நீட்டிக்கொண்டு கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? முதுகுப் பக்கத்தை எடுங்கள், அல்லது பொதியை மட்டும் எடுங்கள். உறவுக்காரர் கேஸ் வந்தால் அன்றே கைமாற்றிவிடுவேன். என் சின்னம்மா இதற்காக இன்னும் கோபமாக இருக்கிறார். பெயர்ப்பட்டியல் கேட்கிற தலைவர்மாருக்கு சேரின் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.

தேயிலைக்குள் மறைந்த அக்கா 2019 டிசம்பரில், சம்பளத்துக்கு மறுநாள், ரோட்டில் என்னை நிறுத்தினார். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கை தன்னால் பின்னுக்குப் போனது. வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சேர் முன்பே சொல்லியிருந்தார். “வேணாம்னு சொன்னீங்கன்னா ரெண்டாவது தடவையும் நீங்கதான் பெரிய மனுஷி. வாங்கிக்கிட்டு எழுதிக் குடுங்க.” வாங்கினேன். கொப்பித்தாளைக் கிழித்துத் தேதி போட்டு, பெற்றுக்கொண்டேன், மீதி நாலாயிரத்து ஐந்நூறு என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மடித்து அதே முடிச்சில் வைத்துக்கொண்டார்.

மாதம் ஒரு தாள். ஊரடங்கில் இரண்டு மாதம் விட்டுப்போனது, ஜூனில் மறுபடி தொடங்கினார். நான் கேஸைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அது இப்போது என் கேஸும் இல்லை. பிள்ளைகள், மழை, கொழுந்து நிறுவை, இவ்வளவுதான் பேசுவோம். 2020 நவம்பரில் பத்தாவது தாள் வந்தது. ஒன்பது துண்டுகளையும் எடுத்து ரோட்டோரக் கல்லில் விரித்து வைத்து எண்ணினார். பத்தாவதில், கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

“முடிஞ்சுதுதானே மிஸ்?”

“முடிஞ்சுதுக்கா.”

துண்டுகளை ஒன்றாக அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். “அந்தக் கோர்ட்டு விஷயம் பேசணும். அந்த மத்த மிஸ் என்னைக்கு வருவாங்க?”

வியாழக்கிழமை என்றேன்.